மதிப்பெண் ஏறியது, நிலத்தடி ஆறு மட்டும் வற்றவில்லை

பாடம் முடிந்தபின் வைத்த தேர்வின் மதிப்பெண்களைக் கூட்டி முடித்த மாலையில், நாங்கள் மூன்று ஆசிரியர்களும் கேன்டீனில் பஜ்ஜி தின்று கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

நான் நிலவியல் ஆசிரியர். வேதியியல் ஆசிரியர் ஒருவரும் பொருளியல் துறை மேடம் ஒருவரும் என்னுடன் சேர்ந்துகொண்டார்கள். இளநிலை மாணவர் எல்லோருக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் கல்வித் தாளில், சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரை மையமாக வைத்து, நிலத்தடி நீர் பற்றி ஐந்து வாரப் பாடம் ஒன்று எழுதினோம். மீஞ்சூருக்குக் காரணம் உண்டு. சென்னையின் தாகத்துக்காக ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல்நீர் உள்ளே புகுந்தது 1960களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. அங்கே மணலும் உண்டு, குளோரைடும் உண்டு, நெல்லுக்குப் பாய்ச்ச வேண்டிய நீரை லாரிக்கு விற்ற விவசாயியின் கணக்கும் உண்டு. மூன்று துறைக்கும் வேலை இருக்கும் இடம்.

மாணவர்கள் கற்றார்களா என்று பார்க்க இருபது கொள்குறி வினாக்கள். அதே தாள் பாடத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. ஏற்றத்தை வெறும் வித்தியாசமாகப் பார்க்காமல், ஏறுவதற்கு இருந்த இடத்தில் எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்தோம். நூற்றுக்கு 40 எடுத்தவர் பிறகு 70 எடுத்தால், மிச்சமிருந்த 60இல் 30 ஏறியிருக்கிறார், அதாவது 0.5. இயற்பியல் பாடங்களுக்காக ரிச்சர்ட் ஹேக் 1998இல் பரவலாக்கிய கணக்கு இது. எங்கள் வகுப்பின் சராசரி நன்றாகவே வந்தது. பஜ்ஜி அதற்குத்தான்.

இடையில் ஒரு சொதப்பலும் உண்டு. மாணவர்கள் பயப்படக் கூடாது என்று பெயர் எழுத வேண்டாம் என்றோம். விளைவு, யாருடைய முன்தாள் யாருடைய பின்தாளோடு சேரும் என்று தெரியவில்லை. வகுப்புச் சராசரியைத் தவிர எதையும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதச் சொன்னோம். சிலர் முதல் தாளில் அம்மாவின் எண்ணை எழுதியதை மறந்து, இரண்டாவதில் தங்கள் எண்ணை எழுதினார்கள்.

விஷயம் வெளிப்பட்டது ஒரு படத்தில். அக மதிப்பீட்டுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "கடற்கரையில் ஒரு கிணறு, மண்ணை வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று வரைக" என்று மேடம் கொடுத்தார். வணிகவியல் மாணவர் ஒருவர், தேர்வில் முதல் ஐந்துக்குள் வந்தவர், அழகாக வரைந்திருந்தார். தரைக்குக் கீழே நீலத்தில் ஓர் ஆறு. கிணறு அதில் இறங்குகிறது, ஆறு போய்க் கடலில் கலக்கிறது. உள்ளே இரண்டு மீன்கள். ஓரத்தில், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்ற கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி, பிழையில்லாமல்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். "சார், கிணறு வெட்டும்போது ஊற்றுக்கண் திறந்தது என்றுதானே சொல்வார்கள்? நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார், அது எழுந்து நிற்கும் இடத்தில் போர் போடுவார்கள். ஓட்டம் என்றால் உள்ளே ஓடத்தானே வேண்டும்?"

எனக்குப் பதில் உடனே வரவில்லை. அவருடைய ஊர் கடினப் பாறை. அங்கே நீர் விரிசல்கள் வழியாகத்தான் வருகிறது, கிணற்றுச் சுவரில் கண் திறந்ததுபோலவே கொட்டும். அவர் கண்டது பொய்யில்லை. மீஞ்சூரோ ஆற்று மணல். மணல்மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் நீர் நிற்கிறது. இந்த வேறுபாட்டைத் தொடும் கேள்வி எங்கள் இருபதில் ஒன்றுகூட இல்லை. மற்ற படங்களையும் புரட்டினோம். ஆறுகள், ஏரிகள், ஒரு தாளில் தொட்டியே இருந்தது.

அமெரிக்காவில் கார்ல்டன் கல்லூரியை மையமாகக் கொண்டு நடந்த 'இன்டெகிரேட்' திட்டம், புவி அறிவியலைப் பிற துறைகளோடு இணைக்கும் பாடங்களை உருவாக்கியபோது, கொள்குறி வினாக்களோடு கட்டுரை வினாக்களையும் வைத்தது. அதைப் பார்த்து நாங்களும் ஒன்று வைத்தோம்: கடலோர ஊராட்சித் தலைவருக்கு, புதிய போர் போடலாமா கூடாதா என்று ஒரு பக்கம் எழுதுக.

திருத்துவதுதான் பெரும்பாடு. ஒரு மாணவி எழுதியிருந்தார்: "விவசாய மின்சாரம் இலவசம், அதனால் மோட்டார் நிற்பதில்லை. மோட்டாரை நிறுத்தினால் மறுநாளே கடல் பின்வாங்கும்." மேடம் மூன்றுக்கு மூன்று போட்டார். நான் ஒன்று. கடல் மறுநாளே பின்வாங்காது, ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றேன். மின்கட்டணத்தையும் நீர்மட்டத்தையும் வேறு யார் இணைத்தார்கள் என்று அவர் கேட்டார். முதல் சுற்றில் பத்துத் தாள்களில் நான்கில்தான் ஒத்துப்போனோம். புள்ளியியல் ஆசிரியர் வேறு, தற்செயலாக ஒத்துப்போவதையும் கழிக்க வேண்டும், அதற்குக் கோஹனின் காப்பா என்று ஒன்று இருக்கிறது என்று வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார்.

கடைசியில், திருத்துவதற்கு வைத்திருந்த அளவுகோலில் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று மதிப்பெண் தந்த அந்த ஒரு வரியை இரண்டாகப் பிரித்தோம். துறைகளை இணைத்தாரா என்பதற்கு ஒரு மதிப்பெண் வரிசை, சொன்ன அறிவியல் சரியா என்பதற்கு வேறொன்று. அந்த மாணவிக்கு முதலாவதில் மூன்று, இரண்டாவதில் ஒன்று. சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. உண்மையில் நாங்கள் மூவரும் எதைக் கற்பிக்கிறோம் என்று பேசித் தீர்த்தது அந்த மேசையில்தான். பாடம் எழுதிய நாட்களில் அல்ல.

பாடத்தை இரண்டாவது ஆண்டாக நடத்தியபோது, முதல் வகுப்பிலேயே கண்ணாடி டம்ளர் நிறைய உலர்ந்த மணலை வைத்து, இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டோம். "நிறைந்த டம்ளரில் எப்படிப் பிடிக்கும்?" என்றார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிடித்தது. முன்னும் பின்னும் படமும் வரைய வைத்தோம். இதற்கெல்லாம் நேரம் போனதால் கொள்குறித் தாளின் ஏற்றம் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைந்தது. துறைத்தலைவர் காரணம் கேட்டார். இரண்டு ஆண்டுப் படங்களையும் அவர் மேசையில் பரப்பிவைத்தோம். மீன் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இதில் என்ன தப்பு?"