சைக்கிள் நசுங்கிய பிறகுதான் ஷட்டரைச் சோதித்தோம்

போன ரமலான் லீவுக்கு ராத்தா குடும்பம் கீழக்கரைக்கு வந்திருந்தது. அஸருக்குப் பிறகு உம்மா கடைக்குப் போகச் சொன்னதால் காரை வெளியே எடுத்துவிட்டு, தெருவில் இருந்தபடியே ரிமோட்டை அமுக்கினேன். கார் ஷெட் ஷட்டர் இறங்கத் தொடங்கியது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே ஏதோ பிளாஸ்டிக் உடைகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ராத்தா மகளின் மூன்று சக்கர சைக்கிள் ஷட்டருக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது, ஷட்டர் அதன் மேல் ஏறிப் படுத்தபடி இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிள்ளை ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போயிருந்தாள். அவளுக்கு நாலு வயது. அன்று நோன்பு திறக்கும்போது என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதமாக இந்த ஷட்டரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், தெரிந்த எலக்ட்ரீஷியன்களிடமெல்லாம் கேட்டேன், வீட்டிலேயே சோதித்தும் பார்த்தேன். நம் பக்கம் வெளிநாட்டுப் பணத்தில் கட்டுகிற வீடுகளில் மோட்டர் ஷட்டர் இல்லாத கார் ஷெட் இப்போது குறைவு. அதனால் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மோட்டர்தான் ஷட்டரைக் கீழே அழுத்துகிறது என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது பக்கவாட்டில் மோட்டர் வைத்த இரும்புப் பட்டை ஷட்டர். இது இறங்கும்போது மோட்டர் சுருளை விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான், கீழே வருவது ஷட்டரின் சொந்த எடை. பத்தடிக்கு எட்டடி ஷட்டர் என்றால் நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். லிமிட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு, ஷட்டர் தரையைத் தொட்டதும் அது மோட்டரை நிறுத்தும். ஆனால் அந்த சுவிட்சுக்குத் தெரிவது எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். நடுவில் சைக்கிள் இருக்கிறதா பிள்ளை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, வாசலின் இரண்டு பக்கமும் எதிரெதிரே வைக்கிற சென்சார் கண். ஒரு கண் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும், எதிர்க் கண் வாங்கும், நடுவில் எதுவும் குறுக்கே வந்தால் இறங்குகிற ஷட்டர் நின்று மேலே ஏறும். இன்னொன்று, ஷட்டரின் அடிப்பட்டையில் ஒட்டுகிற ரப்பர் சென்சார், எதிலாவது பட்டு அமுங்கினால் ஷட்டரைத் திருப்பிவிடும். அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாரிக்கிற வீட்டுக் கராஜ் மோட்டர்களில் இந்த மாதிரிப் பாதுகாப்பு இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிள்ளைகள் கதவில் சிக்கி இறந்ததால் வந்த சட்டம் அது. எங்கள் வீட்டில் மாட்டிக் கொடுத்தவர் மோட்டரும் ரிமோட்டும் கொடுத்தார், சென்சார் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கோபம் வந்தது எப்போது என்றால், புது எலக்ட்ரீஷியன் வந்து கண்ட்ரோல் போர்டைத் திறந்தபோது. "பாய், சென்சாருக்கு இடம் போர்டுலயே இருக்கு, ஆனா சின்ன ஒயரை வச்சுப் பாலம் போட்டு வச்சிருக்காங்க" என்றார். சென்சார் இருப்பதுபோல போர்டை நம்பவைக்கிற பாலம். அந்த இரண்டு இன்ச் ஒயரைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் நின்றேன்.

சரி, சென்சார் வாங்கியாயிற்று. எந்த உயரத்தில் மாட்டுவது? இங்கேதான் எலக்ட்ரீஷியனுக்கும் எனக்கும் வாக்குவாதம். அமெரிக்க முறைப்படி தரையிலிருந்து ஆறு இன்ச்சுக்கு மேல் போகக்கூடாது, ஒரு சாணுக்கும் குறைவு. அவர் ஒன்றரை அடியில் வைக்கலாம் என்றார், காரணமும் சொன்னார்: ஆறு இன்ச்சில் வைத்தால், கார் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும்போது ஒளி சக்கரங்களுக்கு நடுவே காருக்கு அடியிலேயே போய்விடும், ஷட்டர் பானெட்டில் இறங்கும். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஒன்றரை அடியில் வைத்தால் தவழ்கிற பிள்ளையும், பந்தை எடுக்கக் குப்புறப் படுக்கிற பிள்ளையும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் கண்ணை ஆறு இன்ச்சிலேயே வைத்து, காருக்காக அடிப்பட்டை ரப்பரையும் சேர்த்து மாட்டினோம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை என்றால் முதலில் கண்ணை வாங்குங்கள், அதையும் தாழ்வாகவே வையுங்கள். கார் நசுங்கினால் டிங்கர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. எங்கள் ஷட்டர் தெற்கே கடலைப் பார்த்தது, அதனால் கண்கள் கிழக்கும் மேற்கும் பார்த்து நிற்கும். ஒளியை வாங்குகிற கண்ணை மேற்கு நோக்கி வைத்ததில் சாயங்கால வெயில் நேரே அதில் விழுந்து, எதிர்க் கண்ணின் ஒளி அதற்குத் தெரியாமல் போக, ஐந்து மணிக்கு மேல் ஷட்டர் இறங்கவே மாட்டேன் என்றது. இரண்டையும் இடம் மாற்றியதும் சரியானது.

இப்போது சோதனை. மாதத்தின் முதல் வெள்ளி, ஜும்ஆவுக்குப் போவதற்கு முன் செய்கிறேன், கால் மணி நேரம்கூட ஆகாது. ஷட்டரை இறக்கிவிட்டு, ஒளி போகிற இடத்தில் நீளத் துடைப்பத்தை நீட்டுவேன். நின்று மேலே ஏறவேண்டும். அடுத்து ஒன்றரை இன்ச் கனமுள்ள மரத்துண்டு ஒன்றை வாசல் நடுவில் தட்டையாகப் படுக்கவைத்து ஷட்டரை இறக்குவேன். அந்த மரம் ஒளிக்குக் கீழே இருப்பதால் கண் அதைப் பார்க்காது, ரப்பர்தான் வேலை செய்தாகவேண்டும். தொட்டு இரண்டு விநாடிக்குள் திரும்பவேண்டும். பிறகு மெயினை அணைத்துவிட்டு, ஒரு கண்ணின் ஒயர் பிளக்கைக் கழற்றி, மெயினைத் திரும்பப் போட்டு ரிமோட்டை அமுக்குவேன். கண் செத்துப்போனால் ஷட்டர் இறங்க மறுக்கவேண்டும், அப்படித்தான் அந்த இணைப்பு வைத்திருக்கிறார்கள். கண் இல்லாமலே இறங்கினால் யாரோ பாலம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றிலும் கையையோ காலையோ நீட்டிப் பார்க்காதீர்கள். துடைப்பமும் கட்டையும் உடைந்தால் பரவாயில்லை.

மாதம் ஒரு முறை போதும் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். சோதனைக்கு அது சரி, ஆனால் நம் கடற்கரையில் கண்ணைத் துடைப்பதற்கு அது போதாது என்பது என் அனுபவம். உப்புக் காற்று என்ன செய்யும் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் துரு ஏறித்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்ப்பதற்கே காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறது. அந்தக் காற்றில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கண் எத்தனை நாள் தெளிவாக இருக்கும்? ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் பத்து நாளில் வெள்ளையாகப் படலம் கட்டிவிடுகிறது. மெல்லிய துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைக்கவேண்டும். போர் தண்ணீரால் துடைத்தால் உப்பின் மேல் உப்பு. ஷட்டரைக் கழுவுவதும் அப்படித்தான், குடிதண்ணீர் அரை வாளி போதும், ஈரத் துணியால் பட்டை பட்டையாகத் துடைத்துவிடுங்கள், ஷட்டர் ஓடுகிற பக்கவாட்டுத் தடமான கைடு சேனலின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள், மணலும் ஈரமும் சேர்ந்து துரு முதலில் பிடிக்கிற இடம் அதுதான். சேனலில் கிரீஸ் தடவாதீர்கள், மணல் ஒட்டி உப்புத்தாள்போல் ஆகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே நல்லது. ஸ்குரூ, நட்டு மாற்றும்போது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள், கடல் காற்றில் 304ஐவிட அது தாங்கும்.

போர்டு இருக்கிற பெட்டியையும் வருடத்தில் இரண்டு முறை எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்க்கவேண்டும். எங்கள் பெட்டிக்குள் எறும்புக் கூடும், ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பும் இருந்தன.

பழைய வீடுகளில் ஸ்பிரிங் வைத்த ஷட்டர் இருக்கும். அதில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். புதுப் பாம்பன் பாலத்தில் தூக்குகிற பகுதியின் எடையை எதிர்பக்கக் கனக்கட்டை தாங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கரண்ட் போன நேரத்தில், மோட்டரின் பிடியை விடுவிக்கிற கிளட்ச் கயிற்றை இழுத்ததும் மொத்த ஷட்டரும் தடாலென்று விழும். அதனால் ஷட்டர் மூடியிருக்கும்போது மட்டும் கயிற்றை இழுங்கள், பாதியில் நிற்கும்போது வேண்டாம். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றவும் வேண்டாம், முறுக்கி வைத்த விசை கையை முறித்துவிடும்.

சென்சார் இப்போதைக்கு வாங்க முடியாதவர்கள், சுவரில் இருக்கிற சுவிட்சை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஷட்டர் இறங்கும்படி மாற்றச் சொல்லுங்கள், பல போர்டுகளில் அந்த வசதி உண்டு. சுவிட்ச் ஐந்தடி உயரத்தில், ஷட்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். ரிமோட் சாவிக்கொத்தோடு பிள்ளைகள் கையில் போகக்கூடாது.

போன வாரம் ஏர்வாடியில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தபோது கட்டையை வைத்துப் பார்த்தோம். ஷட்டர் நிற்கவில்லை. போர்டைத் திறந்தால் அங்கேயும் அதே பாலம். எலக்ட்ரீஷியன் வருகிறவரைக்கும் மோட்டரின் மெயினை அணைத்து வைத்துவிட்டு, கைச் சங்கிலியை இழுத்துத்தான் ஏற்றி இறக்குகிறார்கள்.