மூன்று மணி நேர ஒலிப்பதிவில் ஓரிடத்தைப் பிடிக்க

திரைவாசிப்பானோடு (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) நீண்ட ஒலிப்பதிவு கேட்பவர்கள் தயவுசெய்து ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். விண்டோஸில் விஎல்சி (VLC) பிளேயர் இருந்தால் கன்ட்ரோல்+டி (Ctrl+T) அழுத்துங்கள், நேரம் கேட்கும் பெட்டி வரும். 3 மணி நேரப் பதிவா? நேராக 1:30:00. பத்து நொடி கேளுங்கள். தேடும் பேச்சு இன்னும் வரவில்லை என்றால் 2:15:00, தாண்டிவிட்டது என்றால் 0:45:00. இப்படிப் பாதி பாதியாகக் குறுக்கினால் ஏழெட்டுத் தாவலில் ஓரிரு நிமிடத்துக்குள் வந்துவிடுவீர்கள். பிறகு இட, வல அம்புக்குறிகள்: கன்ட்ரோலோடு 1 நிமிடம், ஆல்ட்டோடு 10 நொடி, ஷிஃப்ட்டோடு 3 நொடி. வாக்கியத்தின் முதல் சொல்லைப் பிடிக்க அந்த 3 நொடிதான் கைகொடுக்கும்.

சில எம்பி3 கோப்புகளில் மட்டும் கொடுத்த நேரம் ஒன்று, போய் நிற்கும் இடம் வேறு. மாறும் பிட்ரேட்டில் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு இடத்துக்கு இடம் மாறும்படி) பதிவாகி, எந்த நேரம் கோப்பில் எங்கே என்று காட்டும் தேடல் அட்டவணை உள்ளே இல்லாததே பெரும்பாலும் காரணம். நிலையான பிட்ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.