பரணிலிருந்து இறங்கிய நோட்டுகள்: ஒரு தை மாத நாட்குறிப்பு

11 ஜனவரி 2025, சனி

அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் ஓவிய மாணவர்களிடம் பேசப் போகிறேன். தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ஓவியனாக என் வளர்ச்சி. ஆரம்பத்திலிருந்து இன்றுவரை போட்ட படங்களில் கொஞ்சம் எடுத்து வருட வரிசையில் திரையில் காட்டினால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் சார் என்றார் போனில் பேசிய ஆசிரியர். சரி என்றேன். எப்படியும் போகிக்கு முன்னால் பரணை ஒழிக்கச் சொல்லி வீட்டில் ஒரு வாரமாகச் சத்தம், இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.

இப்போது இணையத்தில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அன்று, இன்று என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுகிறார்கள், பெரும்பாலும் ஒரு பெண் முகம்தான், இடது பக்கம் கோணல் கண், வலது பக்கம் போட்டோ எடுத்த மாதிரி கண், இமையில் ஒவ்வொரு முடியும் தெரியும். குறை சொல்லவில்லை, அந்தப் பொறுமை எனக்கு வராது. ஆனால் அதில் எனக்குத் தெரிவதெல்லாம் பொறுமையும் நல்ல 6பி பென்சிலும்தான். வரைகிறவர் எங்கே வளர்ந்தார் என்பது அந்த ஜோடியில் கிடைப்பதில்லை.

13 ஜனவரி, போகி

கரையான் அரித்த நோட்டுகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தியாயிற்று. மிச்சமெல்லாம் கூடத்தில் பரப்பிக் கிடக்கிறது, நடக்க வழியில்லை.

பார்த்தால், என் வளர்ச்சி என்று காட்ட நினைத்ததில் பாதி ரசாயனம். நியூஸ்பிரிண்ட் தாளில் போட்டதெல்லாம் பழுத்து டீ நிறத்துக்கு வந்துவிட்டது, மரக்கூழில் இருக்கும் லிக்னினை எடுக்காமல் செய்கிற தாள் அது, வெளிச்சமும் காற்றும் பட்டால் அப்படித்தான் ஆகும். பவுண்டன் பேனாவில் போட்ட கோடுகள் வெளிறி அங்கங்கே காணாமலே போய்விட்டன. இந்தியன் இங்க்கில் போட்டவை மட்டும் நேற்றுப் போட்ட மாதிரி கறுப்பாக இருக்கின்றன, அது வெறும் கரி, மங்க வழியில்லை.

ரொம்ப வேடிக்கை ஒரு வாட்டர் கலர் படம். கல்லூரி நாளில் போட்டது, ஒரு அம்மா அரக்குச் சிவப்புப் புடவையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அலிசரின் கிரிம்சனைக் குழாயிலிருந்து பிதுக்கிப் பிதுக்கிப் பூசியது நன்றாக நினைவிருக்கிறது. வெளிச்சத்துக்கு நிற்காத நிறம் அது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பல வருடம் சுவரில் தொங்கிய படம், இப்போது புடவை வெளுத்த ரோஜாக் கலர். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அந்த வயசுலயே எவ்வளவு அடக்கமா கலர் போட்டிருக்கீங்க தம்பி" என்றார். நான் மறுக்கவில்லை.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

நான் காசு வாங்கிக்கொண்டு செய்த முதல் ஓவிய வேலை மாட்டுக் கொம்புக்கு எனாமல் அடித்தது. மன்னார்குடிப் பக்கம், 1993. ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு சிவப்பு, மாடு அசையாமல் நிற்கும்வரை நல்ல வேலைதான்.

அதே வருடம்தான் போர்டு எழுதும் கடையில் சேர்ந்தேன். மாஸ்டர் முதல் ஆறேழு மாதம் பிரஷ்ஷே தரவில்லை. தகரத்தைத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, சாக்பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவது, இவைதான் வேலை. அப்புறம் எழுத்து. தமிழ் எழுத்துக்கு ஆங்கிலம் மாதிரி கட்டம் போட்டு அடக்க முடியாது, 'ண' எடுத்துக்கொள்ளும் இடமும் 'ர' எடுத்துக்கொள்ளும் இடமும் ஒன்றா? ஸ்கேலில் அளந்து சரிசமமாக இடம் விட்டால் போர்டு பல் விழுந்த மாதிரி இருக்கும். மாஸ்டர் சொல்வார், "எழுத்தப் பாக்காதடா, எழுத்துக்கு நடுவுல இருக்கற காலி எடத்தப் பாரு, அது ஒண்ணுபோல இருக்கான்னு பாரு." அன்றைக்கு அது எனக்கு ஒரு தொழில் சூட்சுமம், அவ்வளவுதான்.

2000க்கு அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது, கடைகள் ஒவ்வொன்றாய் மூடின. மாஸ்டர் இன்னும் இருக்கிறார், லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறார், அந்த 8 இப்போதும் ஒரே மூச்சில் வருகிறது. அந்தக் காலத்து என் நோட்டில் படங்கள் எதுவும் காட்டுகிற மாதிரி இல்லை. ஆனால் பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை எழுதிப் பழகிய தாள்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு

1996இல் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி. அங்கே படித்தவர்கள் எல்லோரையும் போல எனக்கும் தாராசுரம்தான் இரண்டாவது வகுப்பறை. சைக்கிளில் போய்விடலாம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி அண்ணாந்து பார்க்க வைக்காது, குனிந்து பார்க்க வைக்கும். சாண் அளவுச் சிற்பங்களில் அத்தனை வேலை.

அங்கே ஒரு யானையும் காளையும் எதிரெதிராக நிற்கும் சிற்பம் உண்டு. இரண்டு உடம்பு, தலை ஒன்றுதான். ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. போகிறவர்கள் எல்லோரும் கையை வைத்து மறைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள், நானும் அப்படித்தான், ஆனால் அதை வெவ்வேறு வருடங்களில் வரைந்தும் வைத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் ஒரே இடத்தில் தெரிகிறது.

முதல் வருடத்துப் படத்தில் எல்லாம் இருக்கிறது. கழுத்து மணி, நகம், கல்லில் இருந்த வெடிப்புகூட. அந்தச் சமயம் நூலகத்தில் சில்பியின் கோயில் ஓவியங்களைப் பார்த்துப் பைத்தியமாக இருந்தேன், ஆனந்த விகடனுக்காக ஊர் ஊராகப் போய்ச் சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர், கல் மேல் விழும் வெளிச்சம்வரை அவர் தாளில் வந்துவிடும். அவர் போட்ட புள்ளிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லூரி முடியும் சமயத்தில் போட்டதில் மணியும் நகமும் போய், நிழல் மட்டும் வந்திருக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தச் சிற்பத்தை வைத்தாலும் அந்த நிழல் அப்படியே பொருந்தும்.

2022இல் போட்ட ஒன்று இருக்கிறது. பொதுவாக இருக்கிற அந்த ஒரே தலையில் மட்டும்தான் கோடு அழுத்தமாக விழுந்திருக்கிறது. உடம்புகள் இரண்டும் முதுகுக் கோட்டோடு நின்றுவிட்டன, கால்களே இல்லை. ஆனால் இரண்டும் நிற்கின்றன. இதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், மகள் வந்து சாப்பிடக் கூப்பிடும்வரை.

20 ஜனவரி

முதல் வருடத்துப் படம்தான் நல்லது என்கிறாள் மகள். "அதுலதான்பா மணியெல்லாம் இருக்கு."

26 ஜனவரி, ஞாயிறு

சென்னை வருடங்கள். இந்தப் பெட்டிதான் கனமானது.

2001இல் போனேன். வாரப் பத்திரிகைக் கதைகளுக்குப் படம். சாயங்காலம் கதை கைக்கு வரும், மறுநாள் காலை படம் போய்விட வேண்டும், அதனால் கதையை முழுதாகப் படிக்காமல் எந்தப் பத்தியில் படம் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் வித்தை சீக்கிரமே வந்துவிட்டது. 2005 வாக்கில் என் கை இருந்த வேகம் இன்றுவரை திரும்பி வரவில்லை. பிரஷ்ஷில் ஒரே இழுப்பில் கூந்தல் விழும், நுனியில் மெலிந்து தானே முடியும். அந்தக் கோட்டை இன்றைக்குப் போடச் சொன்னால் முடியாது, கௌரவத்துக்காக முடியும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. என் கதாநாயகி எப்போதும் எதற்காவது பின்னால் நிற்கிறாள். சோபாவுக்குப் பின்னால், பூந்தொட்டிக்குப் பின்னால், பைக்குக்குப் பின்னால், ஒன்றும் கிடைக்காத வாரத்தில் தலைப்புக்குப் பின்னால். பாதமே கிடையாது. கை இருந்தால் முந்தானைக்குள் இருக்கும். முக்கால் முகம், பெரிய கண், பறக்கும் முடி, அவ்வளவுதான். வாசகர்களும் கேட்டதில்லை, ஆசிரியர்களும் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு தொடர் வந்தது, நடவு வேலை செய்கிற பெண்களைப் பற்றி. சேற்றில் இறங்கிக் குனிந்து நிற்கிறவளை எந்தத் தொட்டிக்குப் பின்னால் ஒளிக்க? ஊருக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தேன். அங்கேதான் எடை என்று ஒன்று இருப்பதே கண்ணில் பட்டது. குனிந்திருக்கிறவளின் உடம்புப் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, நிமிரும்போது அது எந்த இடுப்புக்கு மாறுகிறது. கல்லூரியில் சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என்று சிலைகள் நேராகவும் வளைந்தும் நிற்கும் விதங்களை எல்லாம் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவன்தான். தொண்டைக் குழியிலிருந்து நேராக ஒரு நூல் விட்டால் அது எடை தாங்கும் காலின் கணுக்காலுக்குப் பக்கத்தில் போய் விழும் என்பதும் பாடம்தான். அது சிலைக்கு மட்டும் சொன்னது என்று நினைத்திருந்தேன் போல. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எல்லோரும் ஏதோ ஒரு பங்கத்தில்தான் நிற்கிறார்கள்.

அந்தப் பயணத்தில்தான் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போனேன். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் செப்புச் சிலை அங்கே இருக்கிறது, 1011ஆம் ஆண்டு வார்த்தது. ஒரு காலை மடக்கி மாற்றி வைத்து, ரிஷபத்தின் மேல் கையைச் சாய்த்து ஒய்யாரமாக நிற்கும் சிவன். ரிஷபம் கிடைக்கவில்லை, சிலையில் அது கிடையாது. கை காற்றில்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடுப்பையும் தோளையும் பார்த்தால் ரிஷபம் எவ்வளவு உயரம் என்பதுவரை தெரிந்துவிடுகிறது.

என் கதாநாயகிக்கும் பாதம் இல்லை, இவருக்கும் ரிஷபம் இல்லை. அவளைத் தொட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால் விழுந்துவிடுவாள். இவர் விழவில்லை. இத்தனை பெட்டிகளில் நான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். வரையத் தெரியாமல் விட்ட இடமும், வரைய வேண்டாம் என்று விட்ட இடமும் தாளில் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக ஓவியர் ஆதிமூலம் போட்ட காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள், சிலவற்றில் கோடுகள் எவ்வளவு கொஞ்சம், ஆனால் முதுகின் வளைவில் வயது முழுக்க இருக்கிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

2009இல் கம்ப்யூட்டரில் வரைகிற டேப்லெட் வாங்கினேன், வேகாம் கம்பெனி. அதற்கப்புறம் நோட்டுகள் மெலிந்துவிட்டன, சில வருடங்களுக்கு நோட்டே இல்லை. அந்த வருடங்களைப் பற்றி மாணவர்களிடம் என்ன காட்டுவது? ஹார்டு டிஸ்க் ஒன்று செத்துவிட்டது, சிடிக்கள் படிக்க மறுக்கின்றன. 1997 நோட்டு திறந்தால் திறக்கிறது.

கிடைத்த ஃபைல்களும் முடிந்த படங்கள் மட்டும்தான். அன்டூ என்று ஒரு வசதி இருக்கிறதே, கை எங்கே தடுமாறியது, எந்தக் கோட்டை இரண்டு முறை தேடியது, எல்லாவற்றையும் அது துடைத்துவிடுகிறது. தாளில் என்றால் தவறிய கோடு கீழே கிடக்கும், அதைப் பார்த்துத்தான் நான் இப்போது இவ்வளவும் எழுதுகிறேன். இன்னொன்று, பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைவது. 400 சதவீதத்தில் கண்ணின் கருவிழிக்குள் ஜன்னல் வரைந்திருக்கிறேன். அச்சில் அந்தக் கண்ணே மிளகு அளவு.

டிஜிட்டலைத் திட்டுகிற கோஷ்டியில் நான் இல்லை. இன்றும் அட்டைப்படங்கள் அதில்தான் செய்கிறேன், வண்ணம் மாற்றச் சொல்லி ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தால் வாட்டர் கலரில் என்ன செய்ய முடியும்?

தாளுக்குத் திரும்பியது கொள்கையால் இல்லை, வெள்ளெழுத்தால். நாற்பத்து மூன்று வயதில் திரையும் மங்கியது, நோட்டும் மங்கியது. கண்ணாடி போட்டால் தாள் தெளிவு, எதிரில் இருக்கிற ஆள் மங்கல், கழற்றினால் நேர் எதிர். வெளியில் வரையும்போது கழற்றிவிடுவேன். தாளில் கோடு எங்கே விழுகிறது என்பது குத்துமதிப்பாகத்தான் தெரியும், அதனால் எதிரில் இருப்பதையே பார்த்துக்கொண்டு போடுகிறேன். 2022 யானைக்காளைக்குக் கால் இல்லாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஞானத்தின் கணக்கில் எழுத வேண்டாம். பத்திரிகை ஓவியர் கோபுலு பக்கவாதம் வந்து வலது கை முடங்கிய பிறகு இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். அவரோடு என்னை ஒப்பிடவில்லை, எனக்கு வந்தது கண்ணாடிக் கடைச் செலவு மட்டும்தான்.

8 பிப்ரவரி, சனி

நேற்றுப் பேசியாயிற்று. வருட வரிசையில் போடவில்லை. முதலில் பாதம் இல்லாத கதாநாயகிகள் எல்லோரையும் ஒன்றாகப் போட்டேன், நல்ல சிரிப்பு. அப்புறம் ரிஷபவாகனர். அப்புறம் 'ண' பழகிய தாளும் 2022 படமும் அடுத்தடுத்து. வெளுத்துப்போன புடவையையும் காட்டி அலிசரின் கதையைச் சொன்னேன், அதைத்தான் நிறையப் பேர் குறித்துக்கொண்டார்கள், எந்தச் சிவப்பு நிற்கும் சார் என்று கேட்டு. குழாயிலோ கம்பெனிக்காரர்களின் அட்டவணையிலோ வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள் என்றேன்.

அழைத்த ஆசிரியருக்குக் கொஞ்சம் வருத்தம், வளர்ச்சி தெளிவாகத் தெரியவில்லையே சார், 2005 படங்கள் இப்போதையதைவிட நன்றாக இருக்கின்றனவே என்றார். கோடு நன்றாகத்தான் இருக்கிறது சார், நானும் அதைத்தானே சொன்னேன் என்றேன்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள், இரண்டாம் வருடம். போனில் அவளுடைய படங்களைக் காட்டினாள். எல்லாம் முகம். "கால் வரைய எங்க போய் உட்காரணும் சார்?" நாளைக் காலை ஆறரைக்குப் பூக்காரத் தெரு பூச்சந்தைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூடை இறக்குகிறவர்கள், பேரம் பேசுகிறவர்கள், ஒற்றைக் காலில் சாய்ந்து பூக் கட்டுகிறவர்கள், வேண்டிய மட்டும் கால் இருக்கும். இன்னும் சிலரும் வருகிறார்களாம். 4பி பென்சிலும் அட்டையும் தாளும் போதும், ரப்பர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பையன் ஐபேட் கொண்டு வரலாமா என்றான். கொண்டு வா, அன்டூவைத் தொடாமல் போடு என்றேன், அதெப்படி சார் என்கிறான்.