ஆச்சி சொன்ன பிறகுதான் வழி தெரிந்தது

மகன் தவழ ஆரம்பித்ததுமே முழங்கால், நெஞ்சு எல்லாம் கன்றிப்போனது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் விரல் தடம் நீலமாகப் பதியும். தடவினால் உள்ளே சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்படும். "பிள்ளைய அடிச்சியாட்டீ?" என்று தெருவில் கேட்டார்கள். முதலில் காட்டிய இடத்தில் தட்டணு (ரத்தத்தை அடைக்கும் பிளேட்லெட்) சரி, ரத்தம் நிற்கும் நேரமும் சரி, பயப்படாதீங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு நடைபடியில் விழுந்து மேலுதட்டுக்குள் ஈறோடு ஒட்டியிருக்கும் சவ்வு கிழிந்தது. துளியூண்டு காயம். கருஞ்சிவப்பாகக் கட்டி தொங்கும், நின்றுவிட்டது என்று நினைப்போம், அது விழுந்ததும் மறுபடி கசியும். விடிய விடிய இதே பாடு. விடிந்ததும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"உங்க அம்மா பக்கத்து ஆம்பளைப் பிள்ளைகள்ல யாருக்காவது ரத்தம் நிக்காம இருந்திருக்கா?" டாக்டர் இதைத்தான் முதலில் கேட்டார். எனக்குத் தெரியாது. கூட வந்திருந்த அம்மாவைப் பெற்ற ஆச்சிதான் சொன்னாள்: "என் தம்பி ஒருத்தன் சின்னதுலயே பல்லு பிடுங்கி, ரத்தம் நிக்காமலே போயிட்டான்யா. செய்வினைன்னு சொன்னாக."

உடனே நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் எடுத்தார்கள். அளவு குறைந்தால் முடிவே தப்பாக வருமாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் இரண்டு சோதனைகளில், பி.டி. (PT) சரியாக இருந்தது, ஏபிடிடி (aPTT) மட்டும் ரொம்ப நீண்டிருந்தது. நல்ல பிளாஸ்மாவைக் கலந்ததும் நேரம் சரிக்கு வந்தது. அப்படியென்றால் உறையவைக்கும் சத்து ஏதோ ஒன்று குறைகிறது. அந்தச் சத்துகளில் ஒன்றான ஃபேக்டர் 8 அளந்தார்கள். 1 சதவீதத்துக்கும் கீழே. கடுமையான ஹீமோபிலியா ஏ, அதாவது ஃபேக்டர் 8 குறைவதால் ரத்தம் சரியாக உறையாத நோய். இதில் தட்டணுவும் ரத்தம் நிற்கும் நேரமும் சரியாகத்தான் இருக்கும், ஏபிடிடி பார்த்தால்தான் பிடிபடும் என்பதை இப்படிக் கன்றும் பிள்ளை வைத்திருக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"தாய்வழியாக வரும் நோய்" என்று டாக்டர் சொன்னதும் மாமியார் முகம் மாறியது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமலும் வரும் என்று டாக்டரே அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

ஃபேக்டர் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சதையில் ஊசி கூடாது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

இப்போது தங்கை மாசமாக இருக்கிறாள். அவளுடைய கேஸ் ஷீட்டில் இதெல்லாம் எழுதவைத்துவிட்டோம்: பிரசவத்தில் பிள்ளையை ஆயுதம் (இடுக்கி மாதிரி கருவி) போட்டு எடுக்கக்கூடாது, ஆண்பிள்ளை என்றால் தொப்புள்கொடி ரத்தத்திலேயே ஃபேக்டர் 8 பார்க்க வேண்டும், முடிவு வரும்வரை தொடையில் ஊசி வேண்டாம்.