மாமா பார்க்காமல் ஓகே கிடையாது

சீனாவின் தாவோபாவ் தளத்தில் எதை வாங்கினாலும் அது நேராக நம் வீட்டுக்கு வந்துவிடாது. அங்கே கடை போட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுக்கு மட்டும்தான் அனுப்புவார்கள். அதனால் நடுவில் ஒரு ஏஜென்ட் வேண்டும். நாம் லிங்க்கைக் கொடுத்தால் அவர் வாங்கித் தன் குடோனில் இறக்குவார். குடோனில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து, டேப் வைத்து அளந்து, எடை போட்டு, நாலைந்து படம் எடுத்து அனுப்புவார். க்யூசி படம் என்பார்கள். படத்தைப் பார்த்து நாம் ஓகே அமுக்கினால்தான் சரக்கு நம் ஊருக்குக் கிளம்பும். அமுக்கிய பிறகு திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது. அதற்கு முன்னால் என்றால் வழி உண்டு. அங்கே ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான சாமான்களைக் காரணம் சொல்லாமலே ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று சட்டம் இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, அக்கா மகனுக்கு ஜாக்கெட் வாங்கும் சோலி என் தலையில் விழுந்தது. மருமகன் செப்டம்பரில் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான். அங்கேயே போய் வாங்கிக்கொள்ளட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க உள்ள விலையக் கேட்டாலே குளிரு விட்டுரும் மாப்ளே" என்றார் அத்தான். அதுவும் வெயில் காலத்தில்தான் சீனாவில் குளிர் ஜாக்கெட்டைத் தள்ளுபடி விலையில் தள்ளுவார்கள். சரி என்று ஒரு கருநீல ஜாக்கெட்டுக்கு ஆர்டர் போட்டேன். சைஸ் எக்ஸ்எல்.

இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், எங்கள் குடும்பத்தில் யாரும் ஜாக்கெட் போட்டதில்லை. திருநெல்வேலிக்காரனுக்குக் குளிர் என்பது மார்கழி விடியலும் குற்றாலத்துச் சாரலும்தான். இரண்டுக்கும் ஒரு துண்டு போதும். ஆனால் ஒரு பொருளைப் பற்றித் தெரியாதவர்களுக்குத்தான் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

படங்கள் வந்து சேர்ந்தது ஆனித் தேரோட்டத்தன்று காலையில். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அங்கே ஒன்பது மணிக்குக் குடோன் திறந்தால் இங்கே ஆறரை. அக்கா வீடு டவுனில், ரதவீதிக்குப் பக்கத்திலேயே. தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கூடம் முழுக்க உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தவன். மருமகன்தான் எல்லாரும் பார்க்கட்டும் என்று படத்தை டிவியில் போட்டுவிட்டான். ஐம்பத்தைந்து அங்குல டிவியில் ஒரு ஜாக்கெட் கையை விரித்துக்கொண்டு படுத்திருந்தது.

அக்காதான் ஆரம்பித்தாள். "ஏல, கறுப்பால்லா இருக்கு. மொத மொத வெளிநாடு போற புள்ளைக்குக் கறுப்பையா வாங்குவாவ?"

கருநீலம்தான், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்றேன். நம்பவில்லை. வள்ளியூர்ச் சித்தியும் கறுப்புதான் என்றாள். களக்காட்டுப் பெரியம்மா, பச்சை மாதிரி இருக்கு என்றாள். பெரியம்மாவுக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, அதனால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த படம், பக்கத் தையலில் இருக்கும் துணிச்சீட்டு. மருமகன் போன் கேமராவைக் காட்டியதும் தமிழில் வந்துவிட்டது. உள்ளே அடைத்திருப்பது தொண்ணூறு சதவீதம் வாத்துத் தூவி.

அக்கா வீடு சுத்த சைவம். முட்டைகூட உள்ளே வராது. கூடத்தில் சட்டென்று பேச்சு நின்றது.

"வாத்தா?" என்றாள் அக்கா.

"அத ஒண்ணும் திங்கப்போறதில்லையேம்மா, போடத்தானே போறேன்" என்றான் மருமகன்.

"மேலுல போடுதது மட்டும் என்னவாம்?"

பாய் விரித்துச் சுவரில் சாய்ந்திருந்த மாமா, அதாவது அத்தானின் அப்பா, அதுவரை வாய் திறக்கவில்லை. அப்போதுதான் பேசினார். "நீ உடுத்திருக்கப் பட்டு என்ன, பருத்திக்காட்டுலயா வெளஞ்சிது? எத்தன புழுவ வெந்நியில போட்டு எடுத்ததோ." தேருக்காகப் பட்டு உடுத்தியிருந்த அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். வாத்து விவகாரம் அத்தோடு முடிந்தது.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினைந்து பதினாறு வயதில் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கச் சேர்ந்தவர். கஜக்கோல் போய் மீட்டர் கம்பி வந்த சமயம் அது. 1956இல் சட்டம் வந்தாலும் கடைக்குக் கடை மாற நாளானது. கஜத்துக்கும் மீட்டருக்கும் எட்டரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அந்த எட்டரையை வைத்து யார் யாரை எப்படி ஏமாற்றினார்கள் என்று கேட்டால் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்வார். துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் எவ்வளவு மிச்சம், தளர விட்டு அளந்தால் எவ்வளவு நட்டம், கட்டைவிரலை எங்கே வைத்தால் வாங்குகிறவர் கண்ணில் படாது, எல்லாம் அத்துப்படி. தான் அப்படிச் செய்ததில்லை என்பார். செய்யாதவருக்கு இவ்வளவு நுணுக்கமா என்று நான் கேட்டதில்லை.

மூன்றாவது படம் அளவுப் படம். ஜாக்கெட்டைத் தரையில் பரப்பி, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பைப் பிடித்திருந்தார்கள். வலது முனையில் அறுபது. கடையின் அளவு அட்டவணையில் எக்ஸ்எல்லுக்கு அறுபதுதான் போட்டிருந்தது. "கரெக்டா இருக்கு, ஓகே குடுத்துருங்க மாமா" என்றான் மருமகன். அவனுக்கு நண்பர்களோடு தேர் வடம் பிடிக்கப் போக வேண்டும். தேர் நிலைக்குப் போவதற்குள் அவன் இதையே வேறு வேறு மாதிரி பல தடவை சொன்னான்.

"பொறு" என்றார் மாமா. எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். படத்தின் இடது ஓரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கட்டைவிரல் டேப்பை அமுக்கிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, இந்தப் பெருவிரலுக்கு இங்கிட்டு என்ன நம்பரு தெரியுது?"

பெரிதாக்கிப் பார்த்தேன். "நாலு, மாமா."

"டேப்பு எங்கன ஆரம்பிக்கு?"

"விரலுக்கு அடியில."

"அவனுக்கென்ன பெருவிரலு நாலு சென்டி அகலமா?"

கூடத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் கட்டைவிரலைப் பார்த்தார்கள். அத்தான் உள்ளே போய் ஸ்கேல் எடுத்து வந்தார். சித்திக்கு ஒன்றே முக்கால். அத்தானுக்கு இரண்டு. பூதம்போல இருக்கும் எங்கள் பேட்டை அண்ணாச்சிக்கே இரண்டரையைத் தாண்டவில்லை. "ரெண்டு சென்டியாவது உள்ள மடங்கிக் கெடக்கு. இது அறுவது இல்ல, அம்பத்தெட்டு" என்றார் மாமா. அட்டவணையைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு என்பது எல் சைஸ். பாதி மார்பில் இரண்டு என்றால் சுற்றளவில் நாலு சென்டிமீட்டர். உள்ளே ஸ்வெட்டர் போட்டால் இறுக்கும்.

கழுத்துச் சீட்டைப் படம் எடுக்கச் சொல்லலாம் என்றேன். சீனச் சட்டையில் எஸ், எம், எல் என்பதை நம்பிப் பிரயோஜனம் இல்லை, கழுத்தில் இருக்கும் எண்தான் கணக்கு. 180/96ஏ என்றால் நூற்று எண்பது சென்டிமீட்டர் உயரம், தொண்ணூற்றாறு மார்பு உள்ள ஆளுக்கு என்று அர்த்தம். ஏ என்பது உடல்வாகு, மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சொல்வது. எங்கள் பையனுக்கு மார்பு முப்பத்தெட்டு அங்குலம், அதாவது தொண்ணூற்றாறு.

கூடுதல் படத்துக்குத் தனிக் காசு. பெரிய தொகை இல்லை, ஆனாலும் அத்தான் முகம் சுருங்கியது. காசு கட்டுவதென்று ஆன பிறகு எல்லாரும் தங்கள் கோரிக்கையைச் சேர்த்தார்கள். அடுப்படியிலிருந்தே அக்கா, "வாசல்ல கொண்டுபோயி வெயில்ல வச்சு எடுக்கச் சொல்லு" என்றாள். மாமாவும் தலையாட்டினார். ஜவுளிக்கடையில் சேலை எடுக்கிற எந்தப் பெண்ணும் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் பில் போட விட்டதில்லையாம். சித்தி, ஜிப்பை நாலு தடவை ஏற்றி இறக்கி வீடியோ வேண்டும் என்றாள். மாமா, டேப்பைப் பூஜ்யத்திலிருந்து, விரலை எடுத்துவிட்டுப் பிடிக்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். "அன்பு நண்பரே, தயவுசெய்து பொறுமையாக இருங்கள்" என்று பதில் வந்தது. "அவன மொதல்ல ஒழுங்கா அளக்கச் சொல்லு, பெறவு நண்பனா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமா தேர் பார்க்கக் கிளம்பினார்.

தேர் சந்திப் பிள்ளையார் முக்கைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது படங்கள் வந்தன. கூட்டத்துக்கு நடுவில் நின்று போனைப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் ஜாக்கெட் அழகான கருநீலம். கழுத்தில் 175/92ஏ. மேல் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மட்டும் எக்ஸ்எல். கடையில் யாரோ எல் சைஸைத் தூக்கி எக்ஸ்எல் கவரில் போட்டுவிட்டார்கள். அங்கேயே மாற்றிக் கேட்டு எழுதிவிட்டேன். கடைக்காரர் மறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது ஜாக்கெட்டின் படம் வந்தபோது குடோன்காரர் எங்களைப் புரிந்துகொண்டிருந்தார். டேப்பின் தகர முனை முழுசாக வெளியே தெரிந்தது. பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் வேறு போட்டிருந்தார். அறுபது. டேப்பைப் பிடிக்க விரலுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "தொழில் தெரிஞ்சவன்தான். நாம யாருன்னு தெரியாமப் போச்சு அவனுக்கு" என்று சொல்லி ஓகே கொடுத்தார். அமுக்கியது நான், ஆனால் கொடுத்தது அவர்.

பார்சல் கதை சுருக்கமானது. ஜாக்கெட் ஒரு கிலோகூட இல்லை. ஆனால் நாங்கள் எடுத்த கூரியரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து வருவதைத்தான் எடை என்றார்கள். நாற்பதுக்கு முப்பத்தைந்துக்கு இருபத்தைந்து பெட்டி, ஏழு கிலோ. காற்றை உறிஞ்சிப் பையில் அமுக்கச் சொன்னதும் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பளமாகி இரண்டேகால் கிலோவுக்குள் வந்துவிட்டது. கஸ்டம்ஸுக்கு ஆதார் கொடுத்தோம், வரியும் கட்டினோம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த அத்தான் கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு மத்தியானம் மருமகன் அதைப் போட்டுக் காட்டினான். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் நெற்றியில் வேர்வை வழிந்தது. "கைய அகட்டு" என்று மாமா தன் டேப்பை எடுத்து அளந்தார். தையலில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தூவியைப் பிடுங்கி, அக்கா பார்க்கும்முன் மடியில் சொருகிக்கொண்டார்.

"அங்க கைக்கும் உறை போடணுமாமே?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா மாமா, அதையும் சேத்தே வாங்கிருக்கலாம்."

"ஆர்டர் போடு. அஞ்சு விரலையும் தனித்தனியாப் படம் எடுக்கச் சொல்லு."

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.