உது ஆருக்கு, காகத்துக்கோ?

"நீங்கள் தெற்காசியர் இல்லையா, உங்களுக்கு எல்லை 23தான்" என்று அந்த நர்ஸ் சிரித்த முகத்தோடு சொன்னபோது, ஏதோ விசா விதி என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எல்லை, வரம்பு என்று யார் பேசினாலும் எனக்கு விசாதான் ஞாபகம் வரும். அவர் சொன்னது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கிற கணக்கு. கிழக்கு லண்டனில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் பெயர் பதியப் போயிருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு உயரம், எடை, பிரஷர் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஐந்தடி இரண்டங்குலம், 61 கிலோ. கணக்குப் போட்டால் 24.6.

இங்கே பொதுவாக 25-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. நம் ஆட்களுக்கு மட்டும் 23-ஐத் தாண்டினாலே சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது, 27.5 என்றால் ரொம்பவே கூடுகிறது என்று தனிக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கிற போலந்துக்காரப் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே உயரம், இதே எடை. அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்கு எச்சரிக்கை. மருத்துவம் சரிதான், அதில் சண்டை இல்லை. அப்பா கடைசிவரை ஒல்லியான மனுஷன், நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்தது. ஆனாலும் சுருக்கென்றது. சம்பளம், வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம் எல்லாருக்கும் ஒன்று, எடையில் மட்டும் எனக்கு அஞ்சு கிலோ கழிவா?

கையில் ஒரு தாள் கொடுத்தார். வட்டமாக ஒரு தட்டு. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ மீனோ முட்டையோ, மிச்சம் கால் தட்டு சோறு. சோறு எவ்வளவு என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு கை படம், விரல்களை மடக்கி. ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

நான் முதியோர் இல்லத்தில் இரவு டூட்டி பார்க்கிறேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை வாடகை. 2024 மார்ச் 11-க்குப் பிறகு இந்த வேலைக்கு விசா வாங்கி வந்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. எனவே இவரும் மகளும் தூத்துக்குடியில், அம்மா வீட்டோடு. வாடகை, ஊருக்கு அனுப்புவது, வந்த செலவுக்கு வாங்கிய கடன் எல்லாம் போக, சாப்பாட்டுக்கு வாரம் 25 பவுண்டு ஒதுக்கினால் பெரிய விஷயம். அதற்குள் நாலு கிலோ குறைக்க வேண்டும்.

சிக்கனமாக ஆரோக்கியமாகச் சாப்பிடுவது எப்படி என்று யூடியூபில் பார்த்தால், எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: மொத்தமாக வாங்கு, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமை, ஃப்ரீசரில் வை. நல்ல யோசனை. ஃப்ரிட்ஜில் எனக்கு ஒரு தட்டு, ஃப்ரீசரில் பாதி டிராயர். அந்தப் பாதியையும் மேல் அறைப் பையனின் ஐஸ்கிரீம் டப்பா மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு வருகிறது. சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்களே, அந்த நேரத்தில் நான் டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் இருப்பேன்.

எனக்குக் கைகொடுத்தது அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டை ஒட்டி இருக்கிற குவீன்ஸ் மார்க்கெட். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரே ஸ்டேஷன் தூரம், நடந்தே போய்விடலாம், டிக்கெட் காசு மிச்சம். உள்ளே போனதும் நாலு பக்கமும் "பவுண்ட் எ போல்" என்று கூவுவார்கள். கிண்ணம் கிண்ணமாகத் தக்காளி, குடமிளகாய், கத்தரிக்காய், எலுமிச்சை. எடையும் கிடையாது, பேரமும் கிடையாது. கிண்ணத்தை அப்படியே பையில் கவிழ்த்துக் கொடுப்பார்கள். ஊரில் கூறு கட்டி விற்கிறார்களே, அதே கணக்கு, அதே ஏமாற்றும்தான். மேலே பளபளப்பு, அடியில் அமுங்கினது. முதல் முறை போனபோது அங்கேயே நின்று ஒவ்வொரு தக்காளியாகத் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் பஞ்சாபியோ வங்காளியோ தெரியவில்லை, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருடைய ஊரிலும் என்னைப் போன்ற பெண்கள் இருந்திருப்பார்கள்.

காய்கறி பிரச்சினை அதோடு தீர்ந்தது. முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே மலிவு. கேரட் கிலோ ஒரு பவுண்டுக்குள் வந்துவிடும், எங்கள் பொன்னி அரிசியைவிடக் குறைவு. இதை நம்ப எனக்குக் கொஞ்ச நாளானது. எங்கள் வீட்டில் காய் என்பது சோற்றின் ஓரத்தில் இருப்பது, இருப்பதே தெரிந்துவிடக்கூடாது என்று பொடிப்பொடியாக நறுக்குவது. இங்கே காயைக் குவித்துவிட்டுச் சோற்றைத் தேட வேண்டியிருக்கிறது. கேல் என்று ஒரு சுருட்டைக் கீரை, அதைப் பொடியாக அரிந்து, கடுகு, மிளகாய் வற்றல், துருவிய தேங்காய் கொஞ்சம் போட்டு வதக்கினால் பொரியலுக்குக் குறை சொல்ல முடியாது. நடுத்தண்டை மட்டும் உருவிப் போட்டுவிட வேண்டும். முருங்கைக்காய் விலையை மட்டும் கேட்காதீர்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நம் கடையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம், முட்டைக்கோஸ் போட்டுக் கூட்டு வைக்கலாம். மீனுக்கு டின் சாளை. தக்காளிச் சாற்றில் கிடக்கிற டின்னாகப் பார்த்து வாங்கி, புளியும் மிளகாய்ப் பொடியும் சேர்த்து, கடைசியில் மீனை மெதுவாக இறக்கினால் குழம்பு ஆயிற்று. தூத்துக்குடிக்காரியிடம் இதைச் சாளைக் குழம்பு என்று நீட்டினால் அடிப்பாள். டூட்டி முடிந்து வருகிற காலை நேரத்தில் யாரும் அடிக்க இல்லை, சாப்பிட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கைப்பிடி சோறு. அங்கேதான் வந்து நிற்கிறது.

தாளில் இருக்கிறபடி முதல் நாள் வைத்தேன். பெரிய தட்டு, பொரியல் ஒரு மலை, பருப்பு, ஓரத்தில் ஒரு பிடி சோறு. வீட்டுக்கார அக்கா டீ போட அடுக்களைக்கு வந்தார். யாழ்ப்பாணம், இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உது ஆருக்குப் பிள்ளை, காகத்துக்கோ? இண்டைக்குச் சனிக்கிழமையும் இல்லையே."

விஷயத்தைச் சொன்னேன். "விசர்க் கதை. உவ்வளவு சோத்தோட என்னெண்டு இரவு முழுக்க நிண்டு வேலை செய்வீர்?" என்று கேட்டுவிட்டு, தன் பானையிலிருந்து ஒரு அகப்பை எடுத்து என் தட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைய டயட் அத்தோடு முடிந்தது.

அளவு மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். நாம் சாப்பிடுகிற முறையே அதற்குள் அடங்காது. முதலில் குழம்பு, அப்புறம் ரசம், அப்புறம் மோர். மூன்றுக்கும் சோறு வேண்டும். ஒரு பிடியை வைத்துக்கொண்டு எதை விடுவது? ஒருநாள் அந்தப் பிடியை மூன்றாகப் பிரித்தேன். சாம்பாருக்கு இரண்டு வாய், ரசத்துக்கு இரண்டு வாய், மோருக்கு ஒன்றரை. சாப்பிட்டு எழுந்தபோது ஒரு கல்யாணப் பந்தியைப் பார்சல் வாங்கித் தெருவில் கொட்டிவிட்ட வருத்தம். காலிஃப்ளவரைத் துருவி வேகவைத்தால் சோறு மாதிரியே இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்தப் பெண் ஒருநாளும் ரசம் ஊற்றிப் பார்த்திருக்க மாட்டாள்.

அப்போதுதான் கணக்கில் இறங்கினேன். இரவு டூட்டியில் நான் உண்மையில் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் அறை மேஜையில் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா திறந்திருக்கும். தாத்தா பாட்டிகளைப் பார்க்க வருகிற சொந்தங்கள் நன்றிக்காகச் சாக்லேட் பெட்டி வைத்துவிட்டுப் போவார்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் மேஜையே தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்குப் பசியா தூக்கமா வீட்டு ஞாபகமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று வரும், கை தானாக டப்பாவுக்குப் போகும். ஒரு டைஜெஸ்டிவ் பிஸ்கட்டில் சுமார் 70 கலோரி. ஐந்து என்றால் 350. நூறு கிராம் அரிசியிலும் ஏறக்குறைய அதே 350தான். நூறு கிராம் அரிசி வெந்தால் முக்கால் தட்டுச் சோறு, மூன்று சுற்றுக்கும் தாராளமாகக் காணும்.

ஆகக் குற்றவாளி அரிசி இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் டீயில் முக்கி நான் விழுங்கியதுதான் குற்றவாளி, அதுவும் ஓசியில். காசு கொடுத்து வாங்கினாலும் பிஸ்கட் பாக்கெட் ஒரு பவுண்டுக்குள் முடிந்துவிடும். ஒரே அளவு கலோரிக்கு, ஆரோக்கியமான சாப்பாட்டின் விலை மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஃபுட் ஃபவுண்டேஷன் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. இந்த ஊரில் ஏழைக்கு உடம்பு பெருக்கிறது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாரும் கைப்பிடி காட்டாத ஒரு பொருள் பிஸ்கட், தாளில் அதற்குப் படமே இல்லை.

அன்றிலிருந்து எனக்கும் தாளுக்கும் ஒரு சமாதானம். பிஸ்கட் டப்பா பக்கம் போவதில்லை. வேலைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு அவித்த முட்டையும் கேரட்டும் கொண்டுபோகிறேன். கடலையை ஊறப்போட்டு வேகவைத்தால் போதும், டின் வாங்கத் தேவையில்லை. சோறு இரண்டு பிடி. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடிக்கப் பழகிக்கொண்டேன். எண்ணெய் ஒரு ஸ்பூன், அளந்து. எடை மெதுவாக இறங்குகிறது. யூனிஃபார்ம் பொத்தான் இழுக்காமல் பூட்டுகிறது. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

சொல்லலாம். ஆனால் அரிசியை அளக்கும்போது ஒரு நினைப்பு வந்து கெடுக்கும். ஊரில் நான் எதையும் அளந்து சாப்பிட்டதே இல்லை. மகள் பாதி சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவாள், அந்த மீதி என்னுடையது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வருகிற டிபன் பாக்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிற எலுமிச்சைச் சோறும் என்னுடையதுதான். இவர் தட்டில் ஒதுக்கிய மீன் தலையும். வெயிட் போடுகிறது என்று அலுத்துக்கொண்டேதான் அதையெல்லாம் தின்றேன். இங்கே என் தட்டில் யார் மீதியும் இல்லை. நான் போட்டது, நான் சாப்பிட்டது, நான் கழுவி வைத்தது. உடம்பு இளைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று அந்த நர்ஸிடம் சொல்லலாம். ஆனால் மனுஷிக்குப் புரியாது.

போன வாரம் வீடியோ காலில் அம்மா வந்தாள். வந்த புதிதில், பிஸ்கட் காலத்தில், "முகம் நல்லா தெளிஞ்சிருக்கு, லண்டன் தண்ணி ஒத்துக்கிட்டு" என்று தெருவுக்கெல்லாம் சொன்னவள். இப்போது போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"என்னட்டி, இப்படி வத்திப் போயிட்ட?"

நர்ஸ் சொன்னது, 23, தட்டுப் படம், கைப்பிடி எல்லாம் விளக்கினேன். நான் வாங்குகிற காய், சாளை டின், சுண்டல் எல்லாம் சொன்னேன். எதுவும் காதில் ஏறவில்லை. பிள்ளை பணத்தை மிச்சம் பிடிக்கப் பட்டினி கிடக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"மருமவன்ட்ட சொல்லிட்டேன், இனி பாதிப் பணம் அனுப்பினா போதும்னு. நீ மொதல்ல வயித்துக்குச் சாப்பிடு."

பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, உங்களுக்குச் சோறு தர மாட்டாங்களா?" என்று கேட்டாள். இவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதெல்லாம் பேசும்போது போனை மேஜையில் சாய்த்து, கொஞ்சம் கீழே இருந்து முகம் தெரிகிற மாதிரி வைக்கிறேன். அப்படி வைத்தால் தாடை பெருசாகத் தெரியும். "இப்பப் பரவால்ல" என்கிறாள் அம்மா. பாதிப் பணம் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.