இடது கம்பம்

ஜனவரி 13, 2023
செய்தி உண்மைதான். ஜூலை 1 முதல், அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் முதல் டிவிஷனில், சம்பளம் இல்லாத 'வாலண்டியர் கோச்' என்ற வகையே கிடையாது. நாங்களும் மற்ற கோச்களோடு கணக்கில் வருவோம். சம்பளம் தரலாம். தந்தே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை. ஐஸ் ஹாக்கியில் வலை காக்கும் கோலிகளுக்கு கோச்சாக ஒன்பது சீசன், கோடை முகாம் காசிலும் தனி வகுப்புக் காசிலும் ஓடிவிட்டது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் எனக்கே நம்பிக்கை வரட்டும்.

ஜனவரி 14
3-1, ஜெயித்தோம். எங்கள் கோலியைத் தாண்டி வலைக்குள் போன அந்த ஒன்று இடது கம்பத்து ஓரம். மறுபடியும் இடது.

ஜனவரி 17
காலை 6 மணி ஐஸ். வெள்ளை பக் (ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) வாளியைத் தூக்கிப் போனேன். வெள்ளை ஐஸ் மேல் வெள்ளை பக் வந்தால் கண் அதைக் கடைசிவரை விடக்கூடாது. பிறகு கறுப்பு பக் வரும்போது பெரிதாகத் தெரியும். மிட்ச் கோர்ன் காட்டிய வழி. ஓஹையோவில் மயாமி பல்கலைக்கழகத்துக் கோலிகளைப் பழக்கியவர், பஃபலோவில் பெரிய கோலி டொமினிக் ஹாஷெக்கோடு வேலை செய்தவர். அந்தப் பாதையில்தான் நானும் போகிறேன் என்று இருபத்தாறு வயதில் நம்பினேன். இன்னும் நம்புகிறேன்.

எங்கள் கோலிப் பையன் வலது பக்கம் கதவு சாத்தியதுபோலப் போய்க் கம்பத்தோடு ஒட்டுகிறான். இடது பக்கம் மட்டும், முழங்கால் ஐஸைத் தொட்ட பிறகு ஒரு நொடித் துளி தயங்குகிறது. பக்கின் தடிமன் ஒரே அங்குலம். அந்தத் துளி போதும்.

பிப்ரவரி 4
தோல்வி. 29 சேவ், அதாவது 29 தடுப்பு. பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை.

பிப்ரவரி 9
இன்று பார்த்துவிட்டேன். பிராக்டிஸ் முடிந்து பார்க்கிங்கில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான்.

தூக்கம் வரவில்லை. பட்டர்ஃபிளை: மண்டியிட்டு இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்து வலையின் அடியை மூடுவது. பழைய கோலி கிளென் ஹால் காலத்திலேயே இருந்ததுதான். பிறகு மான்ட்ரியலில் கோச் பிரான்ஸ்வா அல்லேர், கோலி பேட்ரிக் ராவை வைத்து அதை ஒரு பாடமாகவே ஆக்கினார். ரா ஜெயித்த 1986 ஸ்டான்லி கோப்பைக்குப் பிறகு வந்த பையன்கள் எல்லாம் மண்டியிட்டே வளர்ந்தார்கள். முழங்கால் உள்பக்கம், பாதம் வெளிப்பக்கம். ஒவ்வொரு முறை விழும்போதும் தொடை எலும்பின் கழுத்து இடுப்புக் கிண்ணத்து விளிம்பில் போய் இடிக்கிறது. உடம்பு அப்படித் திரும்புவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எனக்கு இது தெரியும். தெரிந்துதான் 'இன்னும் இருபது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிராக்டிஸுக்கு 150 தரம், வாரம் நாலு நாள், மூன்று சீசன். கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 10
கேட்டேன். "சும்மா ஒரு இழுப்புதான் கோச்." ஸ்கேட் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பிப்ரவரி 22
வருடா வருடம் இந்த நாளில் கோலிகளோடு 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்ஸில் அமெரிக்கா சோவியத் யூனியனை ஜெயித்த ஆட்டத்தைப் பார்ப்பது வழக்கம். ஊரே அமெரிக்கக் கேப்டன் எருசியோனியின் வெற்றி கோலோடு நிறுத்திவிடும். நாங்கள் அதற்குப் பிறகு மிச்சமிருந்த பத்து நிமிடத்தைப் பார்ப்போம். அமெரிக்கக் கோலி ஜிம் கிரெய்க், 36 சேவ், 4-3. அவரும் காலேஜ் கோலிதான், பாஸ்டன் பல்கலைக்கழகம்.

"எவ்வளவு நேரம் நின்றே ஆடுகிறார் பாருங்க" என்றான் அவன். நான் பதில் சொல்லவில்லை.

மார்ச் 4
சீசன் முடிந்தது. ஓவர்டைம். இடது.

மார்ச் 16
ஸ்கேன் வந்துவிட்டது. இடது இடுப்பில் மூட்டு விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது. வலதிலும் ஆரம்பம். ஆபரேஷன், பிறகு ஐந்தாறு மாதம். அக்டோபரில் அடுத்த சீசன்.

அவன் அம்மா போனில் கேட்டார்: "தினமும் அவன் கூடவே இருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் படவில்லையா?"

ஏப்ரல் 8
டாம்பாவில் என்சிஏஏ இறுதி ஆட்டம். மினசோட்டா 2-0 முன்னால் இருந்து, 2-2 ஆகி, ஓவர்டைம் தொடங்கிப் பத்தே விநாடியில் குவினிபியாக் ஜெயித்தது. பத்து விநாடி. என் கண் மினசோட்டா வலைப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் பையனிடம் யாராவது போய் நின்றிருக்க வேண்டும். அதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம் உண்டா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 20
ஆபரேஷன் முடிந்தது. இரண்டேகால் மணி நேரம். அவன் அம்மா எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வந்தார்.

மே 11
என் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் காலேஜில் 'பார்க்கிறோம்' என்கிறார்கள். பிப்ரவரியிலும் இதே சொல்தான்.

மே 24
வேறு மாநிலத்துக் காலேஜ் ஒன்றிலிருந்து போன். முழுச் சம்பளம், மருத்துவக் காப்பீடு. ஜூன் 20க்குள் பதில் வேண்டும். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'காப்பீடு' என்பதை மட்டும் திரும்ப ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

ஜூன் 6
நாற்காலியில் உட்காரவைத்து டென்னிஸ் பந்து. நாற்பதில் நாற்பதும் பிடித்தான். கை ஒன்றும் மறக்கவில்லை. சிரித்தான், ஜனவரிக்குப் பிறகு முதல் தரம்.

ஜூன் 12
அவனிடம் இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 19
ரிங்கில் ஐஸை உருக்கிவிட்டார்கள். வெறும் சிமெண்ட் தரை, ஈர வாசனை. வலை நிற்கும் இடத்தில் இரண்டு குழிகள், நடுவே ஆறடி. இடது குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. அவன் இந்த வலியோடு சீசன் முழுக்க, ஒவ்வொரு முறையும், பக் வருவதற்குள் எழுந்திருக்கிறான்.

ஜூன் 20
9 மணிக்குப் போன் பண்ணவேண்டும். 10 மணிக்கு அவன் வருகிறான். பந்து வாளி காரிலேயே இருக்கிறது.